நாக்கு வேலை

பல் துலக்கின கையோடு வேப்பங்கொழுந்து நாலைப் பறித்து வாயில் போட்டு மென்றாள் குருவம்மா. ஒன்றுமில்லை. மாடு புல் மெல்லுகிற கதைதான். கொஞ்சம் முற்றின இலையாகப் பார்த்துப் பறித்து அதையும் மென்றாள். வாயெல்லாம் பச்சையானதுதான் மிச்சம். துப்பிவிட்டுக் குழாயடியில் அப்படியே உட்கார்ந்தாள்.

பதினெட்டு நாளாக இதே சோதனைதான். உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, உறைப்பு கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குத் தெரிகிறது. கசப்பு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் பாகற்காயை ரெண்டு கரண்டி கூடப் போட்டுத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். குருவம்மாவுக்கு அந்தக் கசப்புதான் சோறு போடுகிறது. மில்லில் அவளுக்கு நாக்கு வேலை.

விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் மூன்று வருடமாக அந்த வேலை பார்க்கிறாள். மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி நாலு பருப்பை எடுக்க வேண்டும். கடித்து மென்று துப்ப வேண்டும். கசக்காவிட்டால் மூட்டை மேல் சாக்பீஸால் ஒரு வட்டம். கசந்தால் பெருக்கல் குறி. வட்டம் போட்ட மூட்டைதான் லாரி ஏறும். அந்த வட்டத்தை முதலாளி நினைத்தாலும் போட முடியாது, அதிகாரி நினைத்தாலும் அழிக்க முடியாது. போட்டவள் மட்டும், லாரி கேட்டைத் தாண்டுகிற வரைக்கும், மனசு மாறினால் அழித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு சட்டம். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத குருவம்மாவின் கையெழுத்துக்கு இந்த ஊரில் அவ்வளவு மரியாதை.

நாக்கு வேலைக்கு முன்னால் பன்னிரண்டு வருடம் களத்தில் தலைச்சுமை தூக்கினாள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். இன்னொரு தடவை மூட்டை ஏற்றினால் கை விளங்காமல் போகும் என்றார். நாக்கு போனது தெரிந்தால் முதலாளி அண்ணாச்சி என்ன செய்வார்? "பாவம்" என்பார். நல்ல மனுசர்தான். பாவம் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் களத்துக்கு அனுப்புவார். புருசன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனவன். பொங்கலுக்குப் பொங்கல் முகம் காட்டுகிறான். வீட்டில் அவளும் ஒன்பது வயசு மகளும்தான்.

"தன்யா, மாத்திரை போட்டியா?"

"போட்டேம்மா."

போட்டாள் என்றால் முழுங்கவில்லை, கறுக் முறுக்கென்று கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். வாரத்தில் ரெண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிற பிள்ளை. டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் அந்த மஞ்சள் மாத்திரை. அந்தக் காலத்தில் குருவம்மாவுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்க வேண்டுமென்றால் ரெண்டு பேர் கையைக் காலைப் பிடிக்க வேண்டும். இதுவோ மிட்டாய் மாதிரி தின்கிறது. இப்போதெல்லாம் மாத்திரையிலும் சர்க்கரையைத் தடவித்தான் விடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சடை பின்னி, மில்லுக்கு அடுத்த சுவரில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு வேலைக்குப் போனாள்.

மில் வாசலில் சமுத்திரம் உட்கார்ந்து புகையிலையை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டிருந்தார். சுமை தூக்குகிறவர். தோளில் கொக்கி தொங்கும். வாயில் எப்போதும் ஒரு கிண்டல் தொங்கும்.

"நாக்குக்காரம்மா வந்தாச்சு. கதவைத் தொறங்கப்பா."

"காலங்காத்தால வாயக் கிளறாதீக அண்ணே. நானே எரிச்சல்ல இருக்கேன்."

"ஒனக்கு என்ன எரிச்சல்? உக்காந்து உக்காந்து பருப்பு திங்கிற. திங்கிறதுக்குச் சம்பளம் வேற."

"திங்கிறனா. ஊறுகா தின்னு மூணு வருசம் ஆச்சு. காப்பி இல்ல, வெத்தல இல்ல, ஒரு கருவாடு இல்ல. நாக்கு சுத்தமா இருக்கணும்னு தயிர்ச்சோறும் தண்ணியுமா கெடக்கேன். கோயில்ல விரதம் இருக்கவுககூட நாப்பத்தெட்டு நாள்ல முடிச்சுருதாக."

"அதுக்குத்தான் அண்ணாச்சி மாதிரி இருக்கணும். சாம்பார் வாளி வந்துச்சுன்னா ஆபீஸ் ரூம் கதவச் சாத்திருதாரு. ஊருக்கே வடை வாங்கித் தாராரு, சாம்பார்ல ஒரு கரண்டி குடுக்க மனசு வரமாட்டேங்குது."

"எல்லாம் வீட்டம்மா கைப்பக்குவமா இருக்கும்."

"கைப்பக்குவம். மாசாமாசம் மாமனார் தோட்டத்துல இருந்து வீட்டுக்குத் தனி மூட்டை எறங்குது. நாந்தான் எறக்குதேன். மூட்டைல அறுத்த நாள் போட்ட சீட்டே கெடையாது பாத்துக்க."

குருவம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கவலை குடோனுக்குள் கிடந்தது. நாக்கு செத்த பதினெட்டு நாளும் வட்டமும் பெருக்கலும் சரியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். எப்படி? வண்டை வைத்து.

நல்ல பருப்பில்தான் வண்டு விழும். கசந்த பருப்பு எத்தனை மாதம் கிடந்தாலும் வண்டு கிட்டப் போகாது. பின்பக்கம் கொட்டிக் கிடக்கிற கசப்புக் குவியலை எறும்புகூடச் சுற்றிக்கொண்டுதான் போகும், அவளே பார்த்திருக்கிறாள். அதனால் குத்தூசியில் பருப்பை எடுப்பாள், வாயில் போட்டுக் கண்ணை மூடி மெல்லுகிற மாதிரி மெல்லுவாள், இன்னொரு கையால் சாக்கு மடிப்பைத் தடவிப் பார்ப்பாள். விரல் நுனியில் ரெண்டு வண்டு ஊர்ந்தால் வட்டம். ஊராவிட்டால் பெருக்கல். காலங்காலமாக வண்டு விழுந்தது என்று மூட்டையைத் திருப்பி அனுப்பின மில்லில், வண்டைப் பார்த்தால் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அன்றைக்குக் குடோன் கதவைத் திறந்ததும் ஒரு மருந்து நெடி முகத்தில் அடித்தது. தார்ப்பாயை இழுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அட்டி அட்டியாக நானூறு மூட்டை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"என்னண்ணாச்சி இது?"

தவமணி அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார். "மருந்து வச்சேன் குருவம்மா. லீவு நாளா பாத்து மூணு நாள் மூடி வச்சாச்சு. ஒரு வண்டு உயிரோட இல்ல. சத்துணவு ஆர்டராச்சே, மாவட்டம் பூராவுக்கும் போகுது. பூச்சி இருந்தா வாங்கமாட்டாகளாம், கசந்தாலும் வாங்கமாட்டாகளாம். பூச்சிய நான் பாத்துட்டேன். கசப்ப நீ பாத்துக்க."

குருவம்மா முதல் அட்டிக்குப் போனாள். சாக்கு மடிப்பைத் தடவினாள். காய்ந்த வண்டுகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. எல்லா மூட்டைக்கு மேலும்தான் உதிர்ந்து கிடந்தன. எது எங்கிருந்து விழுந்தது என்று எந்தச் சாமிக்குத் தெரியும்.

அதற்குள் பர்வீன் மேடம் வந்துவிட்டாள். பருப்புக்கு நாள் கணக்குப் பார்க்கிற அதிகாரி. முப்பது வயசு இருக்காது. கையில் கட்டம் போட்ட பாரம் ஒரு கட்டு, தோளில் ஒரு பை, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"அக்கா, சீக்கிரம் பாத்துருவோமா? இன்னும் ரெண்டு மில் இருக்கு. காலைல ஹாஸ்டல்ல அந்தச் சாம்பார் இட்லிதான், அதுவும் பாதியில எந்திருச்சு வந்துட்டேன்."

"அதான் ஒங்ககிட்ட மிஷின் அட்டை இருக்கே மேடம். தொட்டா கலர் மாறுமே. அத வச்சுப் பாத்துக்கங்களேன்."

"ஒரு லோடுக்கு நாலு அட்டைதான் தாராங்க. அட்டை விலை ஒங்க ஒருநாள் கூலிய விடக் கூட. நானூறு மூட்டைக்கு எங்க போறது? அண்ணாச்சி நாலு மூட்டையக் காட்டுனாரு. வச்சேன், கலர் மாறல. மிச்சத்துக்கு நீங்கதான்."

அண்ணாச்சி காட்டின நாலு மூட்டை. குருவம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"நீங்களே ஒரு பருப்பக் கடிச்சுப் பாத்தா என்ன மேடம்?"

"எங்களுக்கு அனுமதி இல்லக்கா. அதிகாரி நாக்கு செல்லாது. பயிற்சி எடுத்த நாக்குதான் செல்லும்."

பயிற்சி எடுத்த நாக்கை மடக்கி வைத்துக்கொண்டு குருவம்மா முதல் மூட்டையில் குத்தூசியைச் செருகினாள். நாலு பருப்பு விழுந்தது. வாயில் போட்டாள். மண் மாதிரி இருந்தது. மணல் மாதிரி இருந்தது. பருப்பு மாதிரியும் இருந்தது. துப்பினாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் மேடம். இந்தக் கண்றாவிய யாரு கண்டுபிடிச்சா? பருப்பு பாட்டுக்குப் பருப்பா இருந்துச்சு. அதுக்குள்ள போயி நாள் கணக்க யாரு வச்சது?"

பர்வீன் பாரத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "நல்லதுக்குத்தான்க்கா வச்சாங்க. பெரிய ஆளுங்க பருப்ப வாங்கிப் பதுக்கி வச்சு, வெலை ஏறுனப்புறம் வித்தாங்கள்ல. ஏழைங்க வாங்க முடியாமக் கெடந்தாங்க. அதுக்குத்தான் வெதையிலயே மாத்தி விட்டாங்க. அறுத்த நாள்ல இருந்து நூத்தியிருபது நாள். அதுக்குள்ள வித்துரணும், தின்னுரணும். தாண்டுனா உள்ளயே ஒரு சத்து ஊறிக் கசக்க ஆரம்பிச்சுரும். பதுக்கி வச்சு என்ன செய்வான்?"

"பதுக்கல் ஒழிஞ்சுச்சா?"

பர்வீன் பேனா மூடியைக் கடித்தாள். "குளிர் ரூம்ல வச்சா நாள் நகராதுன்னு ஒரு வருசத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்க. வசதி உள்ளவங்க ரூம் கட்டிட்டாங்க."

"அப்ப வசதி இல்லாதவனுக்குத்தான் கசக்குது."

"அக்கா, நான் சின்ன அதிகாரி."

"ஒங்களச் சொல்லல மேடம். எங்க வீட்ல மழைக்காலத்துக்குன்னு ஒரு டின்ல ரெண்டு கிலோ வச்சுருப்போம். இப்ப அதுக்கும் வழியில்ல. பதுக்குறவன் ரூமுக்குள்ள நல்லா இருக்கான், டின்னு வச்சுருக்கவ பதுக்குன பாவத்த அனுபவிக்கா." சொல்லிக்கொண்டே ரெண்டாவது மூட்டையில் குத்தினாள். "சரி, கசந்தத யாராச்சும் தெரியாமத் தின்னுட்டா?"

"திங்க முடியாதுல்ல. அதுதான பாதுகாப்பே. அந்தச் சத்து உள்ள போனா ஈரலுக்கு ஆகாது. அதுனாலதான் அம்புட்டுக் கசப்பா வச்சாங்க. வாயில வச்ச ஒடனே துப்பிருவாங்க. கசப்புதான் காவல்காரன்."

குருவம்மாவின் மனசு அந்த வார்த்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. துப்பிருவாங்க. அதுதானே. அவள் தப்பாக வட்டம் போட்டே விட்டாலும்கூட, பிள்ளைகள் வாயில் வைத்ததும் துப்பிவிடும். சாம்பார் வீணாகும், ஆசிரியர் புகார் எழுதுவார், மூட்டை திரும்பி வரும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒருநாள் பிள்ளைகள் ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டால் குடியா முழுகிவிடும்? கழுத்தெலும்பு முறிந்தால் ஒரு பிள்ளை நடுத்தெருவில் நிற்கும்.

"சத்துணவுலருந்து புகார் நெறைய வருமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பர்வீனுக்கு அன்றைக்கு முதல் தடவையாக முகம் மலர்ந்தது. "மொத வருசம் தினம் வரும்க்கா. பிள்ளைங்க சாப்பாட்டக் கொட்டுது, கசக்குதுன்னு. ரெண்டாவது வருசம் கொறஞ்சுது. இந்த வருசம் ஒண்ணுகூட இல்ல. மேலிடத்துல எங்க மாவட்டத்தப் பாராட்டி லெட்டர் வந்துருக்கு. ஒங்கள மாதிரி ஆளுங்களாலதான்."

குருவம்மா சாக்பீஸை எடுத்தாள். வட்டம். அடுத்த மூட்டை. குத்து, மெல், துப்பு, வட்டம். இருபதாவது மூட்டையில் ஒரு பெருக்கல் போட்டாள், எல்லாமே வட்டமாக இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று. அந்தப் பாவப்பட்ட மூட்டை நல்லதோ கெட்டதோ. அப்படியே இடையிடையே ஏழெட்டுப் பெருக்கல். மத்தியானத்துக்குள் நானூறும் முடிந்தது. அண்ணாச்சி, "தங்கமான நாக்கு" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளி வந்துவிட்டதால் ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பர்வீன் கையெழுத்துகளை முடிக்க உட்கார்ந்தாள். சமுத்திரமும் ஆட்களும் லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

குருவம்மா சோற்று வாளியை எடுத்தாள். திறக்கப் பிடிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

அங்கே மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவிலிருந்து ஆயா மொண்டு மொண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டீச்சர் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், பாயசமா?"

"பாயசமா. நிலவேம்புக் கஷாயம். டெங்கு வருதுல்ல, வருசாவருசம் குடுக்கிறதுதான். எங்க தன்யாவப் பாருங்க, குடிச்சுட்டு ரெண்டாவது டம்ளருக்கு நிக்குறா."

குருவம்மா பார்த்தாள். தன்யா டம்ளரை வாங்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். தண்ணீர் குடிக்கிற மாதிரி மடக் மடக்கென்று குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளையும் அப்படியே குடித்தது. அதற்குப் பின்னால் நின்றதும். அறுபது எழுபது பிள்ளை. ஒன்றுகூட மூக்கைப் பிடிக்கவில்லை. ஒன்றுகூட அழவில்லை, ஓடவில்லை, சேலைக்குப் பின்னால் ஒளியவில்லை.

"மூணு வருசத்துக்கு முன்னாடி பாக்கணுமே," என்றார் டீச்சர். "வாசல் கேட்டப் பூட்டிட்டுத்தான் குடுப்போம். பாதி பிள்ளை வாந்தி எடுக்கும். இப்ப எம்புட்டு ஒழுக்கம் பாருங்க."

"கஷாயத்துல தண்ணி கூடிப்போச்சோ?"

"எவ சொன்னா?" ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு படி தண்ணிய ஒரு படியாச் சுண்டவச்சுருக்கேன். வேணும்னா குடிச்சுப் பாரு."

குருவம்மா குடித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது. அப்போதுதான் வரிசையின் கடைசியில் ஒரு சத்தம். ஒரு சின்னப் பெண் குடித்ததை அப்படியே மண்ணில் கக்கிவிட்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பாவாடையால் நாக்கை வழித்து வழித்துத் துடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இவ ஒருத்திதான்," டீச்சர் சலித்துக்கொண்டார். "எதுலயும் ஒத்துவரமாட்டா. சத்துணவும் சாப்பிடமாட்டா. ஒண்ணாப்புல இருந்து பருப்புன்னாலே ஆகாது, அவங்க அம்மா தினம் தயிர்ச்சோறு கட்டிக் குடுத்துருவாங்க. செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சுருக்காங்க."

குருவம்மா அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உலகத்தில் ஒரு பிள்ளை கசந்து அழுவதைப் பார்த்து யாராவது கையெடுத்துக் கும்பிட நினைத்திருப்பார்களா? அவள் நினைத்தாள். அடுத்த நிமிசம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காலையில் கறுக் முறுக்கென்று கடித்த மஞ்சள் மாத்திரை. வாரத்தில் ரெண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளுகிற பிள்ளை. ஒரு புகார்கூட வராத வருசம். துப்பிருவாங்க என்று நினைத்துக்கொண்டு அவள் போட்ட வட்டம்.

துப்புவதற்குப் பிள்ளைகளுக்கு நாக்கு எங்கே இருக்கிறது? கொஞ்சம் கொஞ்சமாகக் கசந்ததைத் தினம் ஊற்றிப் பழக்கி, காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டார்கள். தினம் மென்று மென்று அவள் நாக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மழுங்கியிருக்கும், லேசாகக் கசந்தது எத்தனை மூட்டை அவள் வட்டத்தோடு போனதோ. தூங்க வைத்தவர்களில் அவளும் ஒருத்தி. அதற்கு மேலிடத்திலிருந்து பாராட்டி லெட்டர் வேறு.

"தன்யா, ஒன் தண்ணி பாட்டிலக் குடு."

"எதுக்கும்மா?"

"குடுடி."

பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆயாவிடம் அந்தக் கஷாயத்தை நிறைய வாங்கி மூடினாள். "மத்தியானம் சாம்பார ஊத்திக்காத. வெறுஞ்சோறு தின்னு, செத்துப்போகமாட்ட," என்று மகளிடம் சொன்னாள். பிள்ளை முழித்தது. டீச்சர் என்னவோ கேட்டார். குருவம்மா காதில் விழவில்லை, மில்லைப் பார்த்து எட்டி நடை போட்டாள். ஓட முடிந்திருந்தால் ஓடியிருப்பாள். கழுத்து விடவில்லை.

முக்கால் லாரி ஏறியிருந்தது. பர்வீன் கடைசி பாரத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள்.

"மேடம். எனக்கு நாக்கு இல்ல."

"என்னக்கா?"

"பதினெட்டு நாளா இல்ல. கசப்பு தெரியல. அம்புட்டும் வண்டப் பாத்துப் போட்ட குறி. இன்னைக்கு வண்டும் இல்ல. சும்மா போட்டேன்."

பர்வீன் முத்திரையைக் கீழே வைத்தாள். முகம் சுண்டிப்போனது. "விளையாடாதீங்கக்கா. இப்பப் போயி இப்படிச் சொன்னா எந்த பாரத்துல நான் இத எழுதறது? நாக்கு இல்லங்கறதுக்கு இதுல கட்டமே இல்ல."

"கட்டத்த அப்புறம் போடுங்க. மொதல்ல இதுல ஒரு வாய் குடிங்க. தாகமாத்தான இருக்கீக."

பர்வீனுக்குத் தாகம்தான். காலையிலிருந்து எழுதி எழுதி வாய் உலர்ந்து கிடந்தது. எரிச்சலோடு பாட்டிலை வாங்கினாள், அண்ணாந்து ரெண்டு மடக்கு குடித்தாள், திருப்பி நீட்டினாள்.

"என்னக்கா இது, ஆறிப்போன டீத்தண்ணியா? சர்க்கரையே போடல."

குருவம்மா பாட்டிலை வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குள் ஆபீஸ் ரூம் கதவு திறந்தது. அண்ணாச்சி சாப்பிட்ட கையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன ரெண்டு பேரும் பாட்டில நடுவுல வச்சுக்கிட்டுப் பஞ்சாயத்து? லாரிக்காரன் கெடந்து கத்துறான்."

"பிள்ளைக பள்ளிக்கூடத்துல குடுத்தாக அண்ணாச்சி. ஒடம்புக்கு நல்லதாம். நீங்களும் ஒரு வாய்."

அண்ணாச்சி வாங்கினார். சாப்பிட்ட வாய்க்குத் தண்ணீர் தேவைப்பட்டதோ என்னவோ, பெரிதாக ஒரு மடக்கு ஊற்றினார்.

ஊற்றினது அத்தனையும் சாக்கடைப் பக்கம் போய் விழுந்தது. முகம் கோணிக்கொண்டது, கண் ரெண்டும் நீர் கோத்தது. வேட்டி நுனியை எடுத்து நாக்கைத் துடைத்தார். அந்தச் சின்னப் பெண் துடைத்த அதே மாதிரி.

"அடிப்பாவி மகளே, நிலவேம்பக் குடுத்துக் கொல்லப் பாத்தியா? எட்டிக்காய் கெட்டுச்சு போ."

லாரிப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. சமுத்திரம் தோளில் மூட்டையோடு அப்படியே நின்றார். பர்வீன் அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். திரும்பவும் அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"கசக்குதா அண்ணாச்சி?"

"பின்ன, இனிக்குமா?"

"ரொம்பவா?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். பிறகு, என்ன கேட்கிறாள் என்று புரிந்து மூடிக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மறைத்தார்.

"அவுக வீட்டுப் பருப்புக்கு நாள் கெடையாது மேடம்," என்றார் சமுத்திரம், மூட்டையை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே. "பழைய வெதை, தனி மூட்டை. நாந்தான் தூக்குதேன்." சொல்லிவிட்டு வாயிலிருந்த புகையிலையைத் துப்பினார். நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் என்னவோ சந்தேகம் வந்துவிட்டது போல.

குருவம்மா முந்தானையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். லாரியின் பின்பக்கம் போனாள். முதல் மூட்டையில் இருந்த வட்டத்தை அழுத்தித் துடைத்தாள். சாக்பீஸ் ஈரத்தில் கரைந்து வெள்ளையாக வழிந்தது.

"ஏ குருவம்மா, என்ன பண்ணுற? வட்டம் இல்லாம ஒரு மூட்டை போகாது, தெரியும்ல?"

"தெரியும் அண்ணாச்சி. போட்டவ அழிக்கலாம். லாரி இன்னும் கேட்டத் தாண்டல."

"நாளைக்கு நீ எந்த மொகத்த வச்சுக்கிட்டு வேலைக்கு வருவ?"

"வரல. நாக்கே இல்ல, வந்து என்ன செய்ய?" அடுத்த மூட்டைக்கு நகர்ந்தாள். "இனி மேடம் எல்லா மூட்டைக்கும் அட்டை கேட்டு எழுதட்டும். அட்டை வாங்கக் காசு இல்லைன்னா பருப்ப நிறுத்தட்டும். நான் கேக்கமாட்டேன், நான் சின்ன நாக்குக்காரி."

லாரிக்காரன் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தான். யாரும் திரும்பவில்லை. மேலே ஏறின மூட்டைகளின் குறி அவள் கைக்கு எட்டவில்லை. அண்ணாந்தால் கழுத்து இழுத்தது. சமுத்திரம் லாரிமேல் ஏறினார், ஒவ்வொன்றாக இறக்கி அவள் முன்னால் வைத்தார். அவள் துடைத்தாள். அவர் அடுத்ததை இறக்கினார். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் போட்ட வேலையைச் சாயங்காலம் வரைக்கும் அழிக்க வேண்டியிருந்தது. முந்தானை மாவு தோய்த்த மாதிரி ஆகிவிட்டது. மூன்று வருடமாகப் பார்த்த வேலையில் இது ஒன்றுதான் உருப்படி என்று நினைத்தபோது அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு தடவை கை ஓய்ந்து நிமிர்ந்தபோது பர்வீனைப் பார்த்தாள். குடோன் வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். பாரக்கட்டு காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது, அதை அமுக்கிப் பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. அண்ணாச்சி வைத்துவிட்ட பாட்டிலை எடுத்துத் திறந்தாள். ஒரு வாய் ஊற்றினாள். முழுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்குமாகக் கஷாயத்தை உருட்டி, கசக்குமா என்று காத்திருந்தாள்.